துணைக்கு வந்தவர்

விசாரணை அறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: நஷ்டஈட்டு அதிகாரி, அவருடைய தட்டச்சர், மனுக் கொடுத்திருந்த தையல்காரி, அவளுக்குத் துணையாக வந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் உட்காரவில்லை. கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு, சுவரோரம் விறைப்பாக நின்றார்.

"உட்காருங்க ஐயா. நீங்களும் பறிகொடுத்தவர்தானே? உங்க மகனும் இந்த அம்மாவோட வீட்டுக்காரர் போன அதே படகுலதான் போனான்னு ஊரே சொல்லுது. நீங்க ஏன் மனுப் போடல?" என்றார் அதிகாரி.

பெரியவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்ததிலிருந்து அதுதான் அவர் வழக்கம்.

"பெரியப்பாவா? நல்லாக் கேட்டீங்க போங்க! அடுத்தவங்க காசுல ஒரு டீ குடிக்க வைக்க முடியுமா இவரை? ஆனா எனக்காக ஒரு விசாரணை விடாம வந்து நிக்கிறார். பெத்த அப்பன்கூட இப்படி வரமாட்டான்" என்றாள் தையல்காரி.

தட்டச்சர் சிரித்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோப்பைத் திறந்ததும் அதிகாரியின் குரல் மாறியது. "அம்மா, உங்க வீட்டுக்காரரும் குழந்தையும் போனது பயணிகள் படகுன்னு நான் நம்புறேன். ஆனா கடற்படை என்ன சொல்லுது? எச்சரிச்சும் படகுல யாரும் எந்த அடையாளமும் காட்டல, அதனாலதான் சுட்டோம்னு சொல்லுது. இல்லைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும். இன்னிக்குத்தான் கடைசி விசாரணை."

"போனவங்க ஒருத்தரும் திரும்பலையே சார். சாட்சிக்கு நான் யார் கால்ல போய் விழ?"

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். தட்டச்சர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். "அப்ப தள்ளுபடின்னு அடிச்சுடவா சார்?"

பெரியவரின் அப்பா காலம் தொட்டு அவர்கள் வீட்டைப் பார்த்து யாரும் விரல் நீட்டியதில்லை. அதைக் காப்பாற்றத்தான் அவர் இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

"அடிக்காதீங்க" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "அடையாளம் காட்டினாங்க. ஒரு சின்னப் பிள்ளையோட வெள்ளைச் சட்டையைக் கம்புல கட்டி ஆட்டினாங்க. அதைப் பார்த்த பிறகும் சுட்டாங்க."

தையல்காரி எழுந்துவிட்டாள். "எம்பொண்ணு சட்டை! படகேறின அன்னிக்குக் காலையிலதான் தச்சுப் போட்டுவிட்டேன். இதை ஏன் பெரியப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

பெரியவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயா, நீங்க அப்ப கரையில இருந்தீங்க. யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார் அதிகாரி. "சொன்னவங்க பேரும் பதிவாகும், யோசிச்சுச் சொல்லுங்க."

"பதிவு பண்ணுங்க. சொன்னது என் மகன். யுத்தம் முடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுட்டு, உள்ளே வராமலே போயிட்டான்."

தட்டச்சரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

தையல்காரியின் கண்ணில் நீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "தம்பி பிழைச்சுட்டானா? கடவுளே, அந்தப் படகுலயிருந்து ஒருத்தனாவது கரையேறினானே!" அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள்.

பெரியவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஊர் சொல்றது தப்பும்மா. அவன் படகுல போகல; சுட்ட கப்பல்ல இருந்தான்."