டிசம்பர் விருந்தாளி

லாஸ்பேட்டை வீட்டில் அமலநாதனைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தலை துவட்டிக்கொண்டிருந்தார் ஆலன். பிரெஞ்சு நாட்டு அணிக்காக ரக்பி ஆடிய அமலநாதனுக்கு, 1974இல் ஒரு சர்வதேசப் போட்டியில் கழுத்தெலும்பு முறிந்தது. அதன்பின் கை, கால் அசையவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து ஆண்டுதோறும் டிசம்பரில் வந்து அவரைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் ஆலன், தமிழும் கற்றுக்கொண்டிருந்தார்.

"இவரு மேல பாஞ்சு கழுத்த ஒடிச்சானே, அவன் நல்லா இருப்பானா? நீங்களே சொல்லுங்கண்ணே," என்று வழக்கம்போல ஆரம்பித்தாள் அமலநாதனின் மனைவி அகஸ்டினா.

ஆலனின் கை நின்றது.

"அது நான்தாம்மா."

அகஸ்டினா திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும். வேணும்னு செய்யல, ஆட்டத்துல பட்டது. சொன்னா நீ இவன உள்ள விடமாட்டியேன்னுதான் சொல்லல," என்றார் அமலநாதன்.

இத்தனை கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கைக்குத்தான் அவள் விருந்து பரிமாறியிருக்கிறாள்.

ஆலன் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அகஸ்டினா கணவனைத் தனியாகத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைக்கப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். அப்போதும் முடியவில்லை.

"வந்து அந்தப் பக்கம் புடிங்க," என்றாள், ஆலனின் முகத்தைப் பார்க்காமல்.