நைனாவின் காவல்

"வேணு! ஓடியாடா! மறுபடியும் கத்துது பாரு!" என்று கூவிக்கொண்டே தடியோடு காரைச் சுற்றிவந்தார் சின்னசாமி. காலை ஆறு மணி. பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை.

மகன் வேணு சாவியோடு ஓடிவந்து பொத்தானை அமுக்கிய பிறகுதான் கார் அலாரத்தின் ஊளை அடங்கியது. பதினைந்து நாளாக இதே கூத்து. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது.

வேணுவின் கவலை வேறு. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் கம்பெனியில், அதிகாரிகளைத் திருப்பதிக்கும் திரும்பவும் ஏற்றிச்செல்ல வாடகைக்குக் கார் எடுக்கிறார்கள். நாளைக்கு ஆள் வந்து பார்க்கப்போகிறான். அவன் எதிரில் இது கத்திவிட்டால் அவ்வளவுதான், போச்சு.

வேறு பிழைப்பும் கிடையாது. இருந்த மூன்று ஏக்கர் கழனியையும் அந்தக் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்துவிட்டு வாங்கிய கார் அது. புத்தூர் பக்கம் எல்லோரும் விற்கிறார்கள், நாமும் விற்போம் என்றான் வேணு. சின்னசாமி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

வேணு போன் போட்டு வரச்சொன்ன மெக்கானிக் ஏழுமலை திருப்பதியிலிருந்து வந்து சேரப் பத்து மணியாகிவிட்டது. காருக்கு அலாரம் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவன் தொழில். பேட்டரி, கதவு, டிக்கி என்று ஒன்று விடாமல் திறந்து மூடிப் பார்த்தான். எங்கும் கோளாறு இல்லை.

"தட்டினா கத்துற அலாரம் தம்பி இது. யாராச்சும் கை வைக்கிறாங்களா?"

"யாருண்ணா வைப்பாங்க? காலீல எய்ந்ததுல இருந்து நைனா இங்கியே குந்திக்கினு காவலு காக்குறாரு. ஒரு ஆட்டுக்குட்டி கிட்ட வர முடியாது."

சின்னசாமி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். ஏழுமலை ஒரு திருகைத் திருகி அலாரத்தின் ரோஷத்தைக் குறைத்தான். காரைத் தட்டினான், குலுக்கினான். சத்தமே இல்லை.

"இனிமே யாரு தட்டினாலும் கத்தாது. ஓங்கிப் போட்டாதான் உண்டு. ஆமா, எத்தினி மணிக்குக் கத்துது?"

"இந்த வாரம் காலீல ஆறு மணிக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு. போன வாரம் பத்து மணிக்கும் சாய்ங்காலமும் கத்திச்சி."

ஏழுமலை நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட, அது கயனிக்கு கரண்ட் வுடற டைம் ஆச்சேப்பா!"

அந்த ஊர்ப் பக்கம் பம்புசெட்டுக்கு மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். வாரத்துக்கு வாரம் நேரமும் மாறும். காருக்கு இருபது அடியில் டிரான்ஸ்பார்மர் நின்றுகொண்டிருந்தது.

"இதான் ரோகம். கரண்ட் வரச்சொல்ல டிரான்ஸ்பார்மர் ஒரு உதறு உதறுது, அலாரம் பயந்துக்கினு கத்துது. வண்டிய எடுத்துனு போயி பின்னாண்ட நிறுத்து."

இப்படி ஒரு விஞ்ஞானம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. வேணுவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. காரை வீட்டின் பின்பக்கம் புளியமரத்தடியில் நிறுத்தினான். யாரும் சொல்லாமலே சின்னசாமி தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார்.

"பெர்யவருக்கு வண்டி மேல எம்மா ஆசை பாரு!" என்று சிரித்தான் ஏழுமலை.

"கையோட ரெண்டு மணி வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போய்டுண்ணா. நாளைக்கு மானம் போச்சின்னா நான் தலையில துண்டு போட்டுக்கினு போவணும்."

இரண்டு மணிக்கு இருவரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்துக் கழனிகளில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரையத் தொடங்கின. வேணு பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கார் சத்தம் போடவில்லை. "பாத்தியா, நான் சொல்லல?" என்று ஏழுமலை ரசத்துக்குக் கையை நீட்டினான்.

ரசம் இலைக்கு வருவதற்குள் கார் அலறியது.

இருவரும் எச்சில் கையோடு பின்வாசலுக்கு ஓடினார்கள். சின்னசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரின் பின்கதவில் இரண்டாவது உதையை விட்டுக்கொண்டிருந்தார்.

ஏழுமலை அப்படியே நின்றுவிட்டான். வேணு இடது கையால் இடுப்பில் தடவிச் சாவியை எடுத்து அமுக்கினான்.

"இன்னா நைனா இது? நீயா? நம்ம பொயப்பே இதுலதான் கீதுன்னு தெர்யாதா உனுக்கு?"

"தெர்யும்." சின்னசாமிக்கு மூச்சு வாங்கியது. "இருவது வருசம் கரண்ட் வந்ததும் மோட்டார் போட ஓடன காலுடா. இப்பவும் அந்த நேரத்துக்குத் தானா எய்ந்துக்குது. எய்ந்து எங்க போவறது?"

"அதுக்கு? கார எதுக்கு ஒதைக்கிற?"

கிழவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உன்ன ஒதைக்க மனசு வர்லடா."