நடுச்சுவர்

சதுக்கத்தின் வடக்குப் பக்கம் நிற்பதை ஊரார் 'இரட்டைக் கட்டடம்' என்கிறார்கள். இது பிழை. இத்தனை காலம் யாரும் திருத்தாமல் விட்டது வருந்தத்தக்கது. அங்கே நிற்பது ஒரே கட்டடம். ஒரே அஸ்திவாரம், ஒரே கூரை, மழை பெய்தால் ஒரே ஒழுகல். நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

சுவருக்கு இடப்பக்கம் ஓர் இரும்புக்கடை. வலப்பக்கம் இன்னோர் இரும்புக்கடை. மாடிப்படி யாருக்கு என்று நாற்பது வருஷத்துக்கு முன் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு எழுப்பிய சுவர் அது. இப்போது கல்லாவில் இருப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். பங்காளிகள். வாசலில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்ப்பார்கள்.

ஊரும் அன்றே இரண்டாகிவிட்டது. இடக்கடையில் ஆணி வாங்கியவர் வலக்கடையில் சுத்தியல் வாங்கமாட்டார்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற 'ரெக்கார்டு' இடக்கடைக் கட்சி. அவருடைய தம்பி வலக்கடைக் கட்சி. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பாதி. தம்பி ஒருநாள் வலக்கடைப் பெயின்டை வாங்கிவந்து பொதுக் கூடத்துக்கு அடித்தார். அன்று சாத்திய நடுக்கதவு பதினொரு வருஷமாகத் திறக்கவில்லை. தம்பி மகளுக்கு வரன் அமைந்ததுகூடப் பால்காரர் சொல்லித்தான் ரெக்கார்டுக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் அவர் இடக்கடைக்கு வந்தார்.

"முதலாளி, எட்டு அங்குலத்துல ஒரு தாழ்ப்பாள் குடுங்க. நடுக்கதவுக்கு. பழசு துருப்பிடிச்சு உடைஞ்சுபோச்சு."

"ஏன் சார், தம்பி அந்தப் பக்கத்துலேர்ந்து தள்ளுறாரா?"

"தள்ளினாத்தானே! பதினொரு வருஷத்துல ஒரு தடவை தள்ளிப் பார்த்திருப்பானா?"

கடைக்காரர் அலமாரியைத் துழாவினார். ஆறு அங்குலம்தான் இருந்தது. "இருங்க, குடோன்ல பார்க்கிறேன்."

இரண்டு நிமிஷத்தில் எட்டு அங்குலத் தாழ்ப்பாளோடு வந்தார். இடக்கடையில் 'இல்லை' என்ற பேச்சே கிடையாது. வலக்கடையிலும் அப்படித்தான் என்று ரெக்கார்டின் தம்பி சொன்னதுண்டு, பேசிய காலத்தில்.

தாழ்ப்பாளைப் பையில் போட்டுக்கொண்டு ரெக்கார்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இதைப் படிச்சதும் கொஞ்சம் தலை சுத்தும். உட்கார்ந்துக்குங்க. ஊர் நூற்றாண்டு மலருக்குச் சதுக்கத்து வரலாறு எழுதறேன் இல்லையா? பழைய பதிவேட்டுல கிடைச்சுது. சுவர் கட்டின ஆறாம் மாசம் உங்க அப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினையை ரத்து பண்ணிட்டாங்க. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. சண்டையே கிடையாது, முதலாளி!"

கடைக்காரர் காகிதத்தைத் தொடவில்லை. "யார் யாருக்குக் காட்டினீங்க?"

"இன்னும் யாருக்கும் இல்லை. மலர்ல ஒரு முழுப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இந்த மாதிரி ஒரு ஆவணத்துக்குத்தான் காத்திருந்தேன். நீங்களும் அவரும் கைகுலுக்கற மாதிரி ஒரு படம் வேணும்."

"உள்ளே வாங்க" என்று கடைக்காரர் குடோன் கதவைத் திறந்தார்.

நடுச்சுவர் கடை அலமாரியோடு நின்றுவிட்டிருந்தது. பின்னால் ஒரே குடோன். நடுவில் ஒரு மேஜை. வலக்கடைக்காரர் அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, ரெக்கார்டு சார்! தாழ்ப்பாள் உங்களுக்குத்தானா? எங்க அலமாரியில கடைசியா இருந்தது அது. அண்ணா, அண்ணி இன்னிக்கு உப்பை அள்ளிக் கொட்டிட்டாங்க."

"உனக்கு நாக்கு நீளம். பேசாம சாப்பிடு" என்றார் இடக்கடைக்காரர்.

ரெக்கார்டு ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

"எதிர்ல அந்த மூணு மாடி இரும்புக்கடை வந்தப்போ சதுக்கத்துல எங்களை மாதிரி சின்னக் கடை எத்தனை சார்?" என்றார் இடக்கடைக்காரர்.

"ஒன்பது."

"இப்போ?"

"ரெண்டு."

"ரெண்டும் நாங்க. அங்கே மலிவா கிடைச்சாலும் எங்க ஆளுங்க போகமாட்டாங்க. நாங்க சேர்ந்துட்டோம்னு தெரிஞ்சா மறுநாளே போயிடுவாங்க. வேலையாட்களையும் சேர்த்தா பதினாலு குடும்பம் சார்."

ரெக்கார்டுக்கு முகம் சிவந்தது. "அப்போ உங்க பிழைப்புக்காக ஊரையே பிரிச்சு வெச்சிருக்கீங்க!"

வலக்கடைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நாங்க பிரிக்கலை சார். கையெழுத்துப் போட்ட அன்னிக்கே எங்க அப்பாங்க ரெண்டு பேரும் சுவரை இடிக்க ஆள் கூட்டிட்டு வந்தாங்க. விஷயம் ஊருக்குத் தெரியறதுக்குள்ள ரெண்டு கட்சியிலயும் பெரிய மனுஷங்க சிலர் வந்து தடுத்துட்டாங்க."

"ஏனாம்?"

"'உங்களுக்காகத்தானே நாங்க கூடப்பிறந்தவன்கிட்ட பேசறதை விட்டோம்? இப்போ நீங்க சேர்ந்துட்டா நாங்க என்ன சொல்லிக்கிட்டுச் சண்டை போடறது?'ன்னு கேட்டாங்களாம்."

ரெக்கார்டு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தாழ்ப்பாள் பையோடு வெளியே நடந்தார்.

நூற்றாண்டு மலர் அடுத்த மாதம் வெளிவந்தது. 'இரட்டைக் கட்டடம்' என்ற தலைப்பின் கீழ் நான்கு வரி இருந்தது. பக்கத்தின் மீதியில் மூன்று மாடிக் கடையின் விளம்பரம்.

தாழ்ப்பாள் அதற்கு முன்பே, வாங்கிய மறுநாளே, இடக்கடைக்குத் திரும்பி வந்திருந்தது. உறைகூடப் பிரிக்கப்படவில்லை. குடோன் வழியாக அது வலக்கடை அலமாரியில் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.