ஒட்டாத மூலை

கையில் கத்தியோடு வான் வண்டிக்குள் குந்தியிருந்த மகளை முத்துலிங்கம் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"இஞ்சாரும் இரஞ்சிதம், ஓடி வாரும்! உம்மட மகள் செய்யிற வேலையை வந்து பாரும்!"

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற இரஞ்சிதம் ஈரக் கையோடு ஓடி வந்தாள். வானுக்குள் இருந்த மேசையின் மூலையில் மரநிற வினைல் தாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்தில் விமலேஸ்வரி தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

குடும்பத்தோடு கதிர்காமம் போய்வருவதற்கென்று அந்தப் பழைய வானை வாங்கிய முத்துலிங்கம், உள்ளே கட்டில், அலுமாரி, மடக்கு மேசை எல்லாவற்றையும் தானே பலகை அறுத்துச் செய்திருந்தார். மேலே ஒட்டிய வினைல் தாள்தான் நிலைக்கவில்லை. கிழமைக்கு ஒரு மூலையாவது கிளம்பிவிடும்.

கண்டி வீதியில் வாகன இருக்கைகளுக்கு ரெக்சின் தைக்கும் பாலன்தான் வந்து ஒட்டுவான். பலகையிலும் தாளிலும் பசை பூசி, காயவிட்டு, துணியைப் போட்டு மேலே சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்து அழுத்துவான். அதற்குள் விமலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுபோய்விடுவாள். தேத்தண்ணி ஆறிப்போன பிறகும் இருவரும் கதைத்துக்கொண்டு நிற்பதை இரஞ்சிதம் கண்டிருக்கிறாள். ஆனால் புருஷனிடம் மூச்சு விடவில்லை. பாலன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ராக்காயியின் மகன். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் அறிந்தால் என்ன சொல்லுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

"இவ்வளவு நாளும் வெயிலெண்டு நினைச்சன்," முத்துலிங்கம் சத்தம் போட்டார். "மேசை, அலுமாரிக் கதவு, கட்டிலுக்குக் கீழ, எல்லாம் கிளம்பிக் கிடக்கு! இப்பதானே விளங்குது."

"ஐயோ அப்பா, நான் கிளப்பேல்லை. ஒட்டுறன்!" விமலேஸ்வரி பசை டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "பழைய பசையைச் சுரண்டத்தான் கத்தி. நீங்கள் நெடுக அவரை ஏசுறியள். இதையும் கண்டால் இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள் எண்டுதான்... கட்டிலுக்குக் கீழயுமே கிளம்பீட்டுது?"

'அவரை' என்ற சொல் காதில் விழுந்ததும் இரஞ்சிதம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். முருகா, இண்டைக்கு இந்த வீடு ரெண்டுபடப்போகுது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. விடியும்போதே முத்துலிங்கம் ஆளனுப்பியிருந்ததால் பாலன் ஸ்திரிக்கைப் பெட்டியையும் பசையையும் கரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மேசையை எட்டிப் பார்த்தவனின் முகம் சுருங்கிவிட்டது. கொண்டுவந்த சாமானை அவன் அவிழ்க்கவேயில்லை.

"ஐயா, மன்னிச்சிக்கங்க. எத்தனையோ வண்டிக்கு ஒட்டியிருக்கேன், எங்கயும் இப்பிடி ஆனதில்ல. ஒங்க வான்ல மட்டும் நிக்கவே மாட்டேங்குது. எனக்கு வெக்கமா இருக்குங்க. வேற நல்ல ஆளாப் பாத்துக்கங்க, நான் இனி வரலை."

விமலேஸ்வரியின் கையிலிருந்த டப்பா கீழே விழுந்து உருண்டது. பாலன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

முத்துலிங்கம் வானிலிருந்து குதித்து இறங்கி, ஓடிப்போய்ச் சைக்கிள் கரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நில்லும் தம்பி! இன்னும் எத்தினை மூலையைத்தான் நான் உரிக்கிறது? அம்மாவைக் கூட்டிக்கொண்டு பொம்பிளை கேட்டு வாருமன்!"