நாலாவது நட்டு

"உங்க தம்பியை அவர் பொண்டாட்டி கார் ஷெட்டுல போட்டு வதைக்கிறா. கண்கொண்டு பார்க்க முடியலை."

பக்கத்து வீட்டுக்காரி போனில் இப்படிச் சொன்னதும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்டது போட்டபடி டாக்சி பிடித்து வந்துவிட்டாள்.

வந்து பார்த்தால், நேரில் இன்னும் மோசம்.

ஷெட்டில் ஜாக்கி மேல் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட். கை வைத்தால் உதிரும் அளவுக்குத் துரு. தம்பி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முன்சக்கரத்து நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை தோளிலிருந்தே நடுங்கியது. மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

அவன் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இடது கையை எடுங்க. வலது கையால முடுக்குங்க."

"முடியலைடி."

"மூணு நட்டு முடிஞ்சுதில்ல? இதுவும் முடியும்."

ஸ்பேனர் நழுவி காருக்கு அடியில் போய் விழுந்தது. அக்கா பதறிக் குனிந்தாள்.

"எடுக்காதீங்க அண்ணி. அவரே எடுப்பார்."

அவன் ஒருக்களித்துப் படுத்து, கையை விட்டுத் துழாவி, ரெண்டு தடவை தவறவிட்டு, ஒரு வழியாக எடுத்தான். அதற்குள் அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? இந்த ஓட்டை வண்டியை வச்சு ஊர் சுத்தணுமா?"

"ஆமா அண்ணி. சுத்தத்தான் போறோம்" என்றாள் அவள், நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டேய், எந்திரி! டாக்சி வெளியே நிக்குது. என் வீட்டுக்கு வா. படுத்த இடத்துல வச்சு நான் பார்த்துக்கிறேன்."

தம்பி சிரித்தான். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.

"கொஞ்சம் பொறு அக்கா. இந்த நட்டா நானான்னு பார்த்துட்டு வரேன்."

பல்லைக் கடித்தான். கால் சுற்று நகர்ந்தது. நின்றது. கழுத்து நரம்பு புடைக்க, இன்னொரு கால் சுற்று.

"டீ போடறேன்" என்று மனைவி சட்டென்று உள்ளே போனாள்.

அக்கா விடுவதாக இல்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று பின்னாலேயே போனாள்.

சமையலறையில் தம்பி மனைவி கைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

அக்காவைக் கண்டதும் துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"அசைக்காம விட்டா அந்தக் கை அப்படியே இறுகிடும்னு டாக்டர் சொல்லிட்டார் அண்ணி. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை ஜன்னல் வழியா வீசிட்டார். சுவத்தைப் பார்த்துப் படுத்தவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆயுசு பூரா மத்தவங்க வண்டிக்கு அடியில கிடந்த மெக்கானிக்காச்சே. அதான் காயலான் கடையில இதைப் பார்த்ததும் இழுத்துட்டு வந்தேன். அன்னிக்கே எழுந்து உட்கார்ந்துட்டார். பயிற்சின்னு தெரிஞ்சா இதையும் விட்டெறிஞ்சுடுவார். வண்டிக்காகத்தான்னு நினைச்சுக்கட்டும். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். டீயைத் தானே எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

நாலாவது நட்டு ஏறியிருந்தது. தம்பி வலது கையை நீட்டித்தான் டீயை வாங்கினான். பாதி சட்டையில் சிந்தியது. மீதியை ரசித்துக் குடித்தான்.

"டாக்சியை அனுப்பிடறேன்டா" என்றாள் அக்கா, எதுவும் தெரியாதவள் போல. "அப்ப, நாளைக்கு அடுத்த சக்கரமா?"

"அடுத்ததா? பத்து நாளா இதே சக்கரம்தான்!"

அவன் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மத்தியானம் நான் இந்த பெஞ்சுல தூங்குறேன்னு நினைச்சு, நாலு நட்டையும் அவ லூசாக்கி வச்சுடறா. மறுநாள் நான் முடுக்கணுமே, அதுக்கு. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கிட்டுதான் படுத்திருக்கேன்."

"தெரிஞ்சுமாடா இந்தப் பாடு படுறே?"

"ஷ்! அவகிட்ட சொல்லிடாதே அக்கா. நான் விழுந்த நாள்லேர்ந்து அவ சரியா சாப்பிடலை. நாலாவது நட்டு ஏறுற அன்னிக்குத்தான் வயிறார சாப்பிடுறா."