பதினேழு மெஷின், ஒரு தூண்

தீப் பாதுகாப்பைச் சோதிக்க வந்த பொறியாளர் என் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டினார்.

கட்டிங் மேசையில் கிடந்த வெட்டுத்துணிதான். புதுச்சாய நெடி மூக்கில் ஏறியது.

"பயப்படாதீங்க ஆபா. தீப்பிடிச்சா முதல்ல வர்றது புகை. கண்ணு தெரியாது. உங்க மெஷின்லேருந்து பின்கதவு வரைக்கும் போய்க் காட்டுங்க." ஆபா என்றால் அக்கா; இங்கே எல்லாப் பெண்களும் ஆபாதான்.

மஞ்சள் மேலங்கி போட்டிருந்ததால் என்னைப் பிடித்தார். இந்த ஐந்தாம் மாடியில் தீப்பிடித்தால் முந்நூறு பேரை வெளியே கூட்டிப் போகவேண்டியவள் நான்.

சற்று முன்புதான் கேட்டிருந்தார், அந்தக் கதவைப் பூட்டுவது உண்டா என்று. அந்த இரும்புக் கிரில் கதவை மாற்றச் சொல்லிப் போன வருடமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர். புதுக் கதவு இன்னும் வரவில்லை. அதுவரை இதாவது திறந்திருக்கிறதா என்பது அவர் கவலை.

எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றேன்.

நேற்று மேனேஜர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பதில். வேறு பதில் சொன்னால் ஆர்டர் போய்விடும், ஈத் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வரவேண்டியதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

காலையில்தான் படிக்கட்டில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை லாரியில் ஏற்றி எங்கோ அனுப்பினார்கள். படிகளைக் கழுவினார்கள். "பொண்ணு பாக்க வர்றாங்களா புபு? கதவுக்குப் பவுடர் பூசலையே" என்றாள் என் தங்கை பாருல். சொந்த அக்கா என்பதால் நான் அவளுக்குப் புபு. ஒன்பதாவது மெஷினில் காலர் தைப்பவள்.

இப்போது எல்லா மெஷின்களும் நின்றிருந்தன. முந்நூறு பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மேனேஜரின் ஷூ எனக்குப் பின்னால் கிறீச்சிட்டது.

துப்பட்டாவுக்குள் கைவிட்டுக் கழுத்திலிருந்த தாயத்துக் கயிற்றை ஒருமுறை பிடித்துக்கொண்டேன். பிறகு நடந்தேன்.

ஒன்று. இரண்டு. மேசை விளிம்புகளைத் தொட்டு எண்ணினேன்.

ஐந்தாவது வரை அது நடிப்புதான்.

ஆறாவதில் சாய நெடி புகையாக மாறியது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் தீப்பிடித்தபோதும் இப்படித்தான் தடவித் தடவிப் போனோம், ஆனால் எண்ணாமல். எனக்கு ஜன்னல் கிடைத்தது. கதவு வரை போய்ச் சேர்ந்தவர்கள் பூட்டிய கதவருகிலேயே கிடந்தார்கள்.

ஒன்பதாவதில் ஒரு தோள் தட்டுப்பட்டது. பிடித்து எழுப்பினேன். வலிக்குது என்றாள் பாருல். என் கமீஸின் நுனியை அவள் கையில் திணித்து இழுத்துக்கொண்டு போனேன். யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

பதினேழு. அதற்குப் பிறகு தூண். தூணிலிருந்து நான்கு எட்டு வைத்தால் கதவு.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, தினமும் நான் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் தூரம் இது. எட்டு மாதமாக நடக்கிறேன். முழங்கால் பிடிப்புக்கு நல்லது என்று பாருலிடம் சொல்லி வைத்திருந்தேன்.

இரும்பு கையில் பட்டது.

தள்ளியிருந்தால் திறந்திருக்கும். காலையில் பாருல் தள்ளிப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

என் கை தள்ளவில்லை.

மூன்றாவது கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் நடுவே என் இடது கை வெளியே போனது. மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு இடுப்பு உயரத்தில் துழாவியது. ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் துழாவினேன். எங்கே, எங்கே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது என் குரல்தான்.

கண்கட்டு அவிழ்ந்தது.

பொறியாளர் கதவைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

தாயத்துக் கயிறு அறுந்து விரல்களுக்கிடையே தொங்கியது. தாயத்தோடு சேர்த்துக் கோத்திருந்த சாவி, திருப்புவதற்குத் தயாராக, என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. காவலாளி தொழுகைக்குப் போன ஐந்து நிமிடத்தில், அவர் வைத்துவிட்டுப் போன இந்தக் கதவுச் சாவியைச் சோப்புக் கட்டியில் அச்செடுத்துச் செய்த நகல்.

மேனேஜரும் அதைப் பார்த்தார். அவர் கை, அவரை அறியாமலே, தன் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே ஏதோ கனமாக இடித்தது.

பொறியாளர் அதையும் பார்த்தார்.

"பூட்டு எங்க, ஆபா?" என்றார் மெதுவாக.

பாருல் என் கமீஸை விடவில்லை. என் இடது கை இன்னும் கம்பிகளுக்கு வெளியேதான் இருந்தது.