காஷ்மீரா, சிம்லாவா?

“நீ சொன்னது தப்பாம், தம்பி” என்றாள் செல்வாம்பாள்.

கொளஞ்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருப்பவன் அவன். அழுகல், அடி, எடை குறைவு என்று எத்தனையோ புகார்களைக் கேட்டிருக்கிறான். இது எதிலும் சேரவில்லை.

“எது தப்பும்மா?”

“காஷ்மீர் ஆப்பிளை அடிச்சிக்க வேற ஆப்பிளே கிடையாதுன்னு நேத்து சொன்னியே. அதை எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தப்புன்னுட்டாரு.”

அவள் கணவர் சக்கரபாணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா, என்பது மட்டும் கொளஞ்சிக்குத் தெரியும். ஆளைப் பார்த்ததில்லை. பிரான்சில் இருந்த மனிதர், ஆப்பிள் என்றால் ஏதாவது சொல்லத்தான் செய்வார் என்று நினைத்துக்கொண்டு, பழத்தை மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். பழத்தில் குறை இல்லையாம். அவன் பேச்சில்தான் குறையாம்.

போகிறவள் போகாமல் சிம்லா ஆப்பிள் எப்படி என்று விசாரித்தாள். பார்வைக்கு நன்றாக இருக்கும், கடித்தால் நறுக்கென்று இருக்கும், ஆனால் காஷ்மீர் பழத்தின் இனிப்பு வராது என்றான் கொளஞ்சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் கேட்பதுபோல் உதட்டை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு பழம் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாளும் வந்து நின்றாள். காஷ்மீர் பழம் வெறும் மாவு என்று சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அவள் முகத்தில் ஏனோ ஒரு சந்தோஷம். அதுதான் கொளஞ்சிக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு இது வழக்கமாகிப் போனது. மஞ்சள் ஆப்பிள் தேன் மாதிரி என்றால், அது கிழவிகள் தின்கிற பழமாம். ஊட்டிப் பச்சை ஆப்பிள் புளிப்பு, ஊறுகாய்க்குத்தான் ஆகும் என்றால், புளிப்பு இல்லாத ஆப்பிள் உப்பு இல்லாத குழம்பாம். ஒருநாள் ரெனேத் என்று ஏதோ ஒரு பிரான்ஸ் ஆப்பிளைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பழுப்பாக, தோல் சொரசொரவென்று இருக்குமாம். அதைத் தின்னாதவன் ஆப்பிளைப் பற்றி வாயே திறக்கக் கூடாதாம்.

எதிர்க் கடையில் பூக்கட்டிக்கொண்டிருந்த தனக்கொடி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். காஷ்மீர் பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆள், “மாவா இருக்குமா?” என்று கேட்டு, எடுத்ததைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டுப் போனார்.

கொளஞ்சிக்குக் குழப்பம் தலைக்கேறியது. என் பேச்சு பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். மார்க்கெட்டில் பழக்கடைக்கா பஞ்சம்? திட்டுவதற்கென்றே ஒருத்தி தினமும் பழம் வாங்குவாளா? வீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஆப்பிளாகக் கடித்துப் பார்த்தான். காஷ்மீர் கொஞ்சம் மாவாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக இனித்த பழம் இப்போது எப்படி மாவாயிற்று என்று அவன் நாக்கின் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் மனைவி சின்னப்பொண்ணு, பழம் சாப்பிடுகிற ஆள் இப்படியா முழிப்பார் என்று கேட்டாள்.

இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு செய்தான். அடுத்த தடவை செல்வாம்பாள் வந்து வாயைத் திறப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அம்மா, ஐயா சொல்றதுதான் சரி. காஷ்மீர் மாவுதான். சிம்லாதான் பழம். நான் தோத்துட்டேன்.”

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தான். அவள் முகம் செத்துப்போனது. கையில் இருந்த பையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்படிச் சொல்லாத தம்பி. நீ சொன்னதுலயே நில்லு.”

“ஏம்மா, ஒத்துக்கிட்டாலும் குத்தமா?”

“நீ ஒத்துக்கிட்டா நான் வூட்டுக்குப் போயி இன்னா சொல்லுவேன்?”

கொளஞ்சிக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு ஆப்பிளுக்கு இவ்வளவு பேச்சு பேசுகிறவர், பெண்டாட்டியை எதற்குத் தூது அனுப்புகிறார், நேரிலேயே வரட்டும், நாலு பேருக்கு முன்னால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று படபடவென்று கொட்டினான்.

தனக்கொடி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். செல்வாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது.

“ஆடி மாசம் அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு தம்பி. பேச்சு குழறுதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வாயை மூடினவருதான். பேசப் பேசத்தான் சரியாவும்னு டாக்டர் சொல்லிப் பாத்தாரு, நான் அழுது பாத்தேன், ஒரு வார்த்த இல்ல. காஷ்மீர் ஆப்பிளைப் பத்தி நீ சொன்னதைப் போயிச் சொன்னேன் பாரு, அன்னைக்குத்தான் ‘தப்பு’ன்னு வாயைத் தொறந்தாரு.”

கொளஞ்சி தராசுக்குப் பக்கத்தில் இருந்த அவள் பையை இழுத்து விரித்தான். பிறகு கொய்யாக் கூடையில் இருந்து நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து அவள் பையில் போட்டான்.

“பிரான்ஸ் ஆப்பிளெல்லாம் நம்ம கொய்யாவுக்கு உறை போடக் காணாதுன்னு கொளஞ்சி சொன்னான்னு போயிச் சொல்லுங்கம்மா.”